குறை தேடும் மருதாசலம்

பிறத்தியார் வீட்டுக் கேட்டுக்கு எண்ணெய் போட மருதாசலம் யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை. காலையில் நடக்கப் போகும்போது தோளில் ஒரு காக்கித் துணிப்பை தொங்கும். பைக்குள் நீள மூக்கு வைத்த ஆயில் கேன். எந்தக் குவார்ட்டர்ஸ் கேட்டாவது கீச்சென்று விட்டால் போதும், மனுஷர் நின்றுவிடுவார். மேல் கீலுக்கு இரண்டு சொட்டு, கீழ்க் கீலுக்கு இரண்டு சொட்டு. முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, சத்தம் அடங்கியதும் தொட்டில் குழந்தையைத் தூங்க வைத்தவர் மாதிரி மெல்ல நகர்ந்துவிடுவார்.

இதில் அவருக்குப் புண்ணியம் சேர்ந்ததோ இல்லையோ, வசவு நிறையச் சேர்ந்திருக்கிறது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பார்வதி ஒரு நாள் வேலியோரம் நின்று பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, உங்கள யாரு எண்ணெ போடச் சொன்னது? கேட்டு கத்துனா ஆடு வருதுன்னு தெரிஞ்சிக்கினு ஓடியாருவேன். இப்ப சத்தமே இல்லாம வந்து கீரப்பாத்திய பூராவும் மேஞ்சிட்டுப் போயிடுச்சு!"

மருதாசலம் மோவாயைத் தடவி யோசித்தார். "அப்ப ஆட்டுக்குத்தான் மணி கட்டோணும் தங்கச்சி. கேட்டு என்ன பண்ணும் பாவம்?"

பார்வதி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவர் அடுத்த கேட்டுக்குப் போய்விட்டார்.

எல்லாம் தொழில் படுத்தும் பாடு. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து இளவட்டமாக நெய்வேலிக்கு வந்தவர். அன்றிலிருந்து சுரங்கத்தில் கன்வேயர் செக்‌ஷன்தான். பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு பெல்ட் ஓடுகிறது அல்லவா, அதற்கு அடியில் ஆயிரக்கணக்கில் உருளைகள் சுற்றிக்கொண்டிருக்கும். பெல்ட் ஓரமாக நடந்துகொண்டே எந்த உருளை என்ன சொல்கிறது என்று காது கொடுப்பது அவர் உத்தியோகம். அந்த இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்தியே பேசிப் பழகியதால், சாதாரணமாக "சௌக்கியமா?" என்று கேட்டாலும் எதிராளி ஓர் அடி பின்வாங்குவார்.

"கத்தற ரோலரப் பத்திக் கவலையே இல்லீங்க. அது உசுரோட சுத்துது, எண்ணெ வேணும்னு கேக்குது, அவ்வளவுதான். சத்தங்காட்டாம கெடக்குது பாருங்க, அங்கதான் குனிஞ்சு பாக்கோணும். இறுகிப்போயி நின்னுருக்கும். பெல்ட்டு அது மேல தேஞ்சு தேஞ்சு சூடேறிப் பத்திக்கும்" என்பார். டீக்கடையில் புதிதாக ஓர் ஆள் அகப்பட்டால் இந்தப் பாடம் நிச்சயம் உண்டு. கேட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

அவருக்கு இப்போது ஒரு பெரிய கவலை. வருகிற தை மாதத்தோடு ரிடையர். ரிடையரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். டவுன்ஷிப்பில் அது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். பிள்ளை குட்டி உள்ளவர்கள் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து ஊரில் மனை வாங்கி முன்னாலேயே வீடு கட்டிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் லாரி பிடித்து ஊருக்குப் போகிறார்கள். மருதாசலத்துக்குப் பிள்ளை இல்லை. மனைவி பாப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. "ஒத்த ஆளுக்கு வூடு கட்டி, யாரோட பேசறது? செவுத்தோடயா?" என்று மனை யோசனையை ஒதுக்கிவிட்டார்.

பொள்ளாச்சியில் தம்பி இருக்கிறார். தங்கமான தம்பி. "வந்துருங்கண்ணா" என்று பொங்கலுக்குப் பொங்கல் அழைக்கிறார். போய்ப் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிய மருதாசலம், உடன் வேலை பார்க்கும் ஆரோக்கியதாஸிடம் மனசைத் திறந்தார்.

"தம்பி பொண்டாட்டி ராசாத்திங்க. தட்டுல கறியும் சோறுமாக் கொட்டறா. ஆனா அங்க நான் ஒறம்பர. விருந்தாளி எப்பிடிங்க உப்பு இல்லைன்னு சொல்றது? நல்லாருக்கு, நல்லாருக்குன்னு பத்து நாளும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. உப்பு இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு எடம் வேணுமுங்க எனக்கு."

அப்படித்தான் முதியோர் இல்லம் பார்க்கும் படலம் தொடங்கியது. கேள்விப்பட்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னண்ணே, அநாதையா நீங்க?" என்று பார்வதி கண்கலங்கி, அன்று ஆடு விஷயத்தைக்கூட மன்னித்து ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினாள். மருதாசலம் அசரவில்லை. பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி, வெளுத்த வேட்டியும் அரைக்கைச் சட்டையும் தோளில் அதே காக்கிப் பையுமாக வார ஓய்வு நாளில் பஸ் ஏறிவிடுவார்.

அவர் பார்க்கும் முறையே தனி. முன்கூட்டிச் சொல்ல மாட்டார். தனக்காகத்தான் பார்க்கிறேன் என்பதையும் மூச்சு விட மாட்டார். "எனக்குன்னு தெரிஞ்சா அன்னைக்கு மட்டும் அப்பளம் பொரிச்சு ஏமாத்திப்போடுவாங்க" என்பது கட்சி. சாப்பாட்டு வேளைக்குச் சரியாகப் போய் நிற்பார். தலையணையை எடுத்து முகர்ந்து பார்ப்பார். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். செருப்புத் தேய்ந்திருந்தால் வெளியே காலாற விடுகிறார்கள் என்று அர்த்தமாம். கிழவர்களின் கால் நகத்தைக் கட்டாயம் பார்ப்பார். "இந்த வயசுல குனிஞ்சு சொந்தமா வெட்டிக்க முடியாதுங்க. அப்ப யாரோ ஒருத்தர் தரையில உக்காந்து அந்தக் காலப் புடிச்சிருக்கோணும்." கடைசியாக ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி: "உங்களுக்கு என்ன குறை?"

குறை சொன்னால் அவர் முகம் மலரும். சொல்லாவிட்டால் வாடிவிடும்.

கடலூர்ப் பக்கம் ஓர் இல்லத்தில் எல்லாரும் வரிசையாக நின்று "ஒரு குறையும் இல்லை" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள். அங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் இன்னொன்று. அங்கே இவர் கேட்ட கேள்விக்கெல்லாம் மேனேஜரே பதில் சொன்னார். கிழவர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாண்டிச்சேரியில் ஒன்று மொசைக் தரை, மின்விசிறி, கண்ணாடி அலமாரி என்று ஜோராக இருந்தது. வாசலில் ஒரு செருப்பைக் காணோம். "பூராவும் இறுகிப்போன ரோலருங்க" என்று திங்கட்கிழமை ஷிஃப்டில் ஆரோக்கியதாஸிடம் சொல்லி உதட்டைப் பிதுக்கினார்.

தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆரோக்கியதாஸுக்குப் பொறுக்கவில்லை. "முத்தாண்டிக்குப்பம் போற வழியில முந்திரித் தோப்புக்குள்ள ஒரு இல்லம் இருக்குதுங்க. எங்க கோயில் லூசியம்மா நடத்துறாங்க. நர்ஸா இருந்தவங்க. ஒரு தரம் பாருங்களேன்" என்றார்.

"சொல்லிப்போடாதீங்க. எனக்குன்னு மூச்சு விடக்கூடாது."

"மாதா சத்தியமா சொல்ல மாட்டேங்க."

சொல்லவும் இல்லை. ஆனால் நல்ல மனசுக்காரர்கள் செய்கிற காரியம் இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த லூசியம்மாளை ஆரோக்கியதாஸ் ஓரமாக அழைத்து, "எங்க மைன்ஸ்லேர்ந்து ஒருத்தர் வருவாரு. எங்க போனாலும் குறை இருக்குதான்னுதான் தேடுவாரு. எதுக்கு வராருன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. பாத்து நடந்துக்குங்க" என்று காதைக் கடித்தார்.

போதாதா? லூசியம்மாள் இல்லத்துக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மாடசாமி எழுந்து நின்றுவிட்டார். திருநெல்வேலிக்காரர், டவுன்ஷிப்பில் தோட்ட வேலை பார்த்து ஓய்ந்து இங்கே வந்தவர். பெரிய அதிகாரிகள் வரும்போதெல்லாம் பாதையோரக் கல்லுக்கு வெள்ளையடித்ததே அவர்தான். "அது இன்ஸ்பெக்சன்லா!" என்றார். "குறை கண்டாம்னா இல்லத்த மூடிருவான். நான் சொல்லுதபடி கேளுங்க." அன்றிலிருந்து அந்த முந்திரித் தோப்பு மாடசாமியின் ஆட்சிக்குள் வந்தது. கல்லுக்கு வெள்ளை, தென்னைக்குக் காவிப்பட்டை, எல்லார் தலைக்கும் எண்ணெய், எல்லார் வாய்க்கும் பூட்டு.

மருதாசலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவருக்கு இடம் பிடித்துப்போனது. செம்மண் பாதை. முந்திரி நிழல். ஓட்டுக் கட்டடம். தூரத்தில் இரண்டாவது சுரங்கத்துக்கு மண் எடுக்கிற இயந்திரங்களின் முனகல் காற்றில் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஆசையோடு கேட்டைத் தள்ளினார். கேட் சத்தமே காட்டாமல் திறந்தது. கீலைத் தொட்டு விரலை முகர்ந்தார். விளக்கெண்ணெய். 'அட, நம்ம சாதி ஆளு ஒருத்தன் இங்க இருக்கான்' என்று குளிர்ந்துபோனார்.

அடுத்த நிமிஷம் வெள்ளையடித்த கற்கள் கண்ணில் பட்டன. விலுக்கென்றது. எத்தனை இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவர்! முந்தின நாள் அடித்த சுண்ணாம்பு எது, மூன்று மாதச் சுண்ணாம்பு எது என்று அவருக்கா தெரியாது? 'சொல்லிப்போட்டான் தாசு' என்று பல்லைக் கடித்தார்.

உள்ளே எல்லாரும் குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தலையணை வெயில் வாசனையோடு இருந்தது. ஜன்னலோரமாக ஒரு கட்டில் காலியாகக் கிடந்தது. கையை வைத்து அழுத்தினார், ஆடியது. நகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு காலும் பளிச்சென்று வெட்டியிருந்தது. நேற்று வெட்டியதுதானே என்று மனசு கசந்தது. "உங்களுக்கு என்ன குறைங்க?" என்று மாடசாமியிடம் கேட்டார்.

மாடசாமி விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். "ஒரு குறையும் கிடையாதுய்யா!"

"உங்களுக்குங்கம்மா?"

சவரியம்மாள் பண்ருட்டிப் பக்கத்துக்காரி. வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவள் என்பது அவள் உதடு துடித்த துடிப்பிலேயே தெரிந்தது. மாடசாமியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, "கொறையா? ஒண்ணியும் இல்லீங்க. நல்லா வெச்சிக்கினு இருக்காங்க" என்று முடித்துக்கொண்டாள். அந்தப் பார்வை போன திசையில்தான் லூசியம்மாளும் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார். மருதாசலம் அதைக் கவனித்தார். கவனித்து, லூசியம்மாளுக்குத்தான் அவள் பயப்படுகிறாள் என்று தப்பாகவே புரிந்துகொண்டார்.

பந்தி போட்டார்கள். அவரையும் உட்கார வைத்தார்கள். சாம்பார் போயிற்று, ரசம் வந்தது. ஒரு வாய் வைத்தவர் அப்படியே நிறுத்தினார். துளி உப்பு இல்லை! நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பந்தி முழுவதும் உப்பில்லாத ரசத்தைத் தலை நிமிராமல், முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருந்தது. பாண்டிச்சேரியில்கூட அவருக்கு இத்தனை பயம் வந்ததில்லை. மடமடவென்று சாப்பிட்டு, லூசியம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது நிஜமாகவே துக்கம் வந்தது. இதுவும் போயிற்று. தையில் சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே போவது? பொள்ளாச்சிதான். நல்லாருக்கு, நல்லாருக்கு என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெருமூச்சு விட்டுத் தோளைத் தடவியவருக்குத் திக்கென்றது. பையைக் காணோம். ஆயில் கேனோடு பந்தி பெஞ்சுக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். சர்வீஸில் ஒரு நாள்கூட நடக்காத அதிசயம்.

திரும்பி நடந்தார். எண்ணெய் போட்ட கேட் இந்தத் தடவையும் வாய் திறக்கவில்லை. அவர் வந்தது யாருக்கும் தெரியவில்லை. வாசற்படிக்கு வருவதற்குள் உள்ளே கூரை பறந்துகொண்டிருந்தது.

"ஏ லூசி! அது ரசமா, கை கழுவுத தண்ணியா? உப்புன்னு ஒரு சாமான் உண்டும், கேள்விப்பட்டிருக்கியா?" மாடசாமியின் குரல்.

"காத்தாலேர்ந்து கல்லக் கழுவு, கேட்டுக்கு எண்ணெ போடுன்னு என் உசுர வாங்கிக்கினு இருந்தது யாரு? அந்தக் கலவரத்துல மறந்துட்டேன். அப்பவே கேக்க வேண்டியதுதான? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"எப்படிக் கேக்க? அவன் குறை தேடுத ஆளுல்லா! இல்லத்த மூடிட்டான்னா நீ எங்க போவ, நாங்க எங்க போவோம்?"

"உப்பு கெடக்குது வுடுங்க" என்று சவரியம்மாள் புகுந்தாள். "சனிக்கெழம ஆனா போதும், நகம் வெட்டுறேன்னு சதையோட வெட்டிப்புடுறா இந்த லூசி. வாரா வாரம் இதே ரோதன. இன்னமும் எரிஞ்சிக்கினே இருக்குது!"

"கால ஆட்டாம வெச்சா ஏன் சதையில படுது? ஒரு வெரல் வெட்டுறதுக்குள்ள ஊர்க்கதையெல்லாம் சொல்லிக்கினு, கால ஆட்டிக்கினு! கால நீட்டு இப்படி!"

மருதாசலம் கதவோரமாக எட்டிப் பார்த்தார். லூசியம்மாள் தரையில் உட்கார்ந்து, சவரியம்மாளின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, வாயால் திட்டிக்கொண்டே விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மாடசாமி உப்புப் போட்ட ரசத்தை இன்னொரு டம்ளர் உறிஞ்சிவிட்டு, "இப்ப காரம் பத்தாது" என்றார்.

அந்த நகங்கள் தனக்குக் காட்டுவதற்காக வெட்டியவை அல்ல என்று மருதாசலத்துக்கு இப்போதுதான் புரிந்தது. வாரா வாரம் என்றல்லவா சொன்னாள்! சந்தோஷம் தாங்காமல் தன்னை அறியாமல் "அட சாமீ!" என்று சொல்லிவிட்டார். அவர் குரல்தான் தெரியுமே, ஓடு அதிர்ந்தது.

லூசியம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. மாடசாமி டம்ளரோடு எழுந்து சல்யூட் வைத்தார். ரசம் சட்டையில் கொட்டியது. "ஐயா... அது வந்து... கிறிஸ்துமஸுக்கு நாடகம் பழகுதோம்யா."

மருதாசலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "ஏனுங்கம்மா, எனக்கும் கொஞ்சம் கொறை இருக்குதுங்க."

"சொல்லுங்க" என்றார் லூசியம்மாள். சுரத்தே இல்லை.

"ரசத்துல உப்பில்ல. சோறு கொழஞ்சுபோச்சு. அப்புறம் அந்த ஜன்னலோரக் கட்டில் ஆடுது. தையில நான் வந்து படுக்கறப்ப ஆடக் கூடாதுங்க."

லூசியம்மாளுக்குத்தான் முதலில் விளங்கியது. சவரியம்மாளின் காலை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தார்.

"அடப் பாவி மனுசா! உனக்கு எடம் பாக்கவா வந்த? வாயத் தொறந்து சொல்லுறதுக்கு என்ன கேடு? இதுக்கா நாங்க கல்லுக்கு வெள்ளையடிச்சோம்? சோறு கொழஞ்சாத்தான் பல்லு இல்லாதவங்க சாப்புட முடியும். பல்லு இருக்குறவங்க சும்மா முழுங்கிக்கினு போங்க!"

இத்தனை நாள் எத்தனையோ இல்லங்களில் எத்தனையோ பேர் அவரை "வாங்க சார், உட்காருங்க சார்" என்று உபசரித்திருக்கிறார்கள். அதிலெல்லாம் வராத நிம்மதி, இந்த ஒரு திட்டில் வந்துவிட்டது. "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டிக்கொண்டே பெஞ்சுக்கு அடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டார்.

மாடசாமி வாசல் வரை கூடவே வந்தார். சுண்ணாம்பு அடித்த இடுப்பு இன்னும் நிமிரவில்லை என்று ஒரு பாட்டம் புலம்பிவிட்டுக் கேட்டைக் காட்டினார். "இதுக்கு எண்ணெ போடச் சொன்னது நான் செஞ்ச மடத்தனம்வே. கத்துச்சுன்னா நீரு வந்தது தெரிஞ்சிருக்கும், மாட்டியிருக்க மாட்டோம். இது சும்மா காத்துக்கே கத்தும். யாரோ வாராவன்னு எல்லாரும் எட்டிப் பாப்போம். முக்காவாசி நாள் ஒருத்தரும் வர மாட்டாவ. ஆனாலும் எட்டிப் பாக்கதுக்கு அது வேணும்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். மருதாசலம் கேட்டண்டை தனியாக நின்றார். கை பழக்க தோஷத்தில் பைக்குள் போய் ஆயில் கேனை வெளியே எடுத்துவிட்டது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டார். வேட்டி நுனியால் கீலிலிருந்த விளக்கெண்ணெயை அழுத்தித் துடைத்தார். குனிந்து ஒரு பிடி செம்மண்ணை அள்ளி, மேல் கீலிலும் கீழ்க் கீலிலும் நன்றாகத் திணித்துத் தேய்த்தார். கேட்டை ஆட்டினார். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் மண் போட்டு, மறுபடியும் ஆட்டினார்.

கிரீச்!

"யாருப்பா அது, வர்றது?" என்று உள்ளேயிருந்து சவரியம்மாளின் குரல் ஓடி வந்தது.

மருதாசலம் காதைச் சாய்த்துக்கொண்டு, கேட்டை இன்னொரு தடவை ஆட்டினார்.